வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டரும் ஆட்-ஆன் விமானங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டத் தொடங்கியவர்களுக்கும், 'அடுத்து எந்த ஆட்-ஆன் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும்) விமானத்தை வாங்கலாம்' என்று கடைப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பதில்கள். போர் விமானங்களை இங்கே தொடவில்லை. அது தனி உலகம்.

எந்த சிமுலேட்டரில் தொடங்கலாம்?

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் (2020, 2024 இரண்டும் புழக்கத்தில் உள்ளன), எக்ஸ்-பிளேன் 12, ஃப்ளைட்கியர். இந்த மூன்றில் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஊரும் மலையும்தான் உங்களை ஈர்க்கிறதென்றால் மைக்ரோசாஃப்ட்டுக்கு இணையில்லை. நிலப் படங்களை இணையம் வழியே இறக்கியபடியே காட்டும். எக்ஸ்-பிளேன், இறக்கையையும் புரொப்பெல்லரையும் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று தரும் விசையைக் கணக்கிட்டுக் கூட்டும் முறையில் இயங்குகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவச டெமோவும் உண்டு. ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம், திறந்த மூலநிரல்; ஆனால் விமானங்களின் தரம் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும்.

'எதில் பறப்பது நிஜம் மாதிரி இருக்கும்' என்ற வழக்கு முடிவில்லாதது. உண்மையில் அது விமானத்துக்கு விமானம் மாறும். ஆகவே முதலில் ஆசைப்படும் விமானத்தை முடிவு செய்து, அது எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஃபெனிக்ஸ் ஏ320, பிஎம்டிஜியின் 777 வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் பக்கம். டோலிஸ் ஏ340-600, ஹாட்ஸ்டார்ட் சேலஞ்சர் 650 வேண்டுமென்றால் எக்ஸ்-பிளேன் பக்கம்.

கணினி எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்?

மைக்ரோசாஃப்ட் 2024 பதிப்புக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ரேம் 16 ஜிபி, பரிந்துரை 32. இணைய வேகம் குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. ஆழமான ஆட்-ஆன் விமானம் ஓட்டும் எண்ணமிருந்தால் அந்த 32-ஐயே குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டரையும் ஆட்-ஆன்களையும் எஸ்எஸ்டியில் வையுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விமானம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

கீபோர்டு போதாதா?

பழகலாம், சுகப்படாது. கீபோர்டுக்கு 'அழுத்து, விடு' மட்டும்தான் தெரியும். விமானத்துக்கு வேண்டியது அரை மில்லிமீட்டர் அளவு அழுத்தம். கைப்பிடியைத் திருகினால் ரட்டர் (மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால் பலகை) வேலை செய்யும்படியும், அடியில் சிறு த்ராட்டில் (இன்ஜின் சக்தி) நெம்பு இருக்கும்படியும் உள்ள ஒரு ஜாய்ஸ்டிக் போதும், தனிப் பெடல் இல்லாமலே தொடங்கிவிடலாம். ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டரா, ஹால் எஃபெக்ட் சென்சாரா? முன்னது தேய்ந்து தூசி சேர்ந்ததும் அளவு திடீர் திடீரெனத் துள்ளும். பின்னது காந்தப்புலத்தை அளப்பது; உரசும் பாகம் இல்லை, அதனால் நீண்ட நாள் உழைக்கும்.

யோக் (ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி) வாங்கலாமா என்றால், செஸ்னா, போயிங் ஓட்டுவதாக இருந்தால் வாங்கலாம். ஏர்பஸ்ஸுக்கு ஜாய்ஸ்டிக்தான் நியாயம்.

ஜாய்ஸ்டிக்கை மாட்டியதும் என்ன செய்ய வேண்டும்?

பறக்காதீர்கள். முதல் வாரத்தில் வரும் புகார்களில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தில் ஒவ்வொரு அச்சும் முழுதாக நகர்கிறதா, நடுவில் விட்டால் நடுங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து சிமுலேட்டரின் கன்ட்ரோல் பக்கத்துக்குப் போய் ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் ஒதுக்கப்பட்டுள்ளனவா என்று தேடுங்கள். புதிதாக எதை மாட்டினாலும் சிமுலேட்டர் தன் போக்கில் சில ஒதுக்கீடுகளைப் போட்டுவைக்கும். த்ராட்டில் குவாட்ரன்ட்டும் (தனி நெம்புப் பெட்டி) ஜாய்ஸ்டிக்கின் சிறு நெம்பும் ஒரே த்ராட்டிலைப் பிடித்து இழுத்தால், இன்ஜின் சக்தி காரணமில்லாமல் ஏறி இறங்கும். ஒன்றை நீக்கிவிடுங்கள்.

பிறகு டெட் ஸோன் (கைப்பிடி நடுவில் சற்று அசைந்தாலும் கணக்கில் எடுக்காத பகுதி): 2 முதல் 5 சதவீதம் போதும். அதற்கு மேல் வைத்தால் நடுவில் கை செத்துப்போன மாதிரி இருக்கும். சென்சிட்டிவிட்டி வளைவை மைனஸ் 30 வாக்கில் வைத்தால் நடுப்பகுதி மென்மையாகும், இறங்கும்போது மூக்கு குதிக்காது.

பெடல் வாங்கியவர்களுக்கு: முழு சக்தி கொடுத்தும் விமானம் நகரவில்லையா? கால்விரல் பிரேக்கின் அச்சு தலைகீழாக இருக்கிறது. நீங்கள் காலை எடுக்கும்போதுதான் பிரேக் பிடிக்கிறது. அந்த இரண்டு அச்சுகளையும் ரிவர்ஸ் செய்தால் தீர்ந்தது.

முதலில் எந்த விமானத்தைப் பழகலாம்?

சிமுலேட்டரோடு வரும் செஸ்னா 172. ஏர்பஸ் கனவோடு வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனாலும் பத்துச் சுற்று (கிளம்பி, ஓடுதளத்தைச் சுற்றிவந்து, இறங்குவது) இதில் அடித்தவர் ஏர்பஸ்ஸில் படும் பாடு பாதியாகும்.

172எஸ் ரகத்துக்கான எண்கள் இவை. 55 நாட்டில் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) மூக்கைத் தூக்குங்கள். 74 நாட்டில் ஏறுங்கள். ஓடுதளத்திலிருந்து 1,000 அடி உயரம் வந்ததும் மட்டம்; அப்படியே ஓடுதளத்துக்கு இணையாகத் திரும்பிச் செல்லுங்கள். இறங்க வேண்டிய முனை பக்கவாட்டில் வந்ததும் 1,500 ஆர்பிஎம் சுற்றுக்குக் குறைத்து, வேகம் 110-க்குக் கீழே இருப்பதை உறுதிசெய்து 10 பாகை ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க உதவும், இறக்கையின் பின்பக்க மடிப்பு). அடுத்த திருப்பத்தில் 20 பாகை, 70 நாட். இந்த 20-ஐயும் 30-ஐயும் போட வேகம் 85-க்குள் இருக்க வேண்டும். கடைசி நேர்கோட்டில் 30 பாகை, 65 நாட். தரைக்கு அருகில் வந்ததும் கண்ணை ஓடுதளத்தின் மறுமுனைக்கு உயர்த்துங்கள். மூக்குக்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தால் உயரம் பிடிபடாது. 75 நாட்டில் வந்தால் விமானம் மிதந்துகொண்டே போகும், இறங்காது. மூக்கை அமுக்கி இறக்கப் பார்ப்பவருக்கு முன்சக்கரம் முதலில் இடித்துத் தவளைபோலக் குதிக்கும்.

டிரிம்மில் (கையால் பிடிக்காமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்தும் சக்கரம்) ஒரு சூட்சுமம் உண்டு. நிஜ விமானத்தில் டிரிம் சரியானதும் கைப்பிடி, தான் இருக்கும் இடத்திலேயே நிற்கும். ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக் எப்போதும் நடுவுக்குத்தான் திரும்பும். ஆகவே மூக்கை வேண்டிய நிலையில் பிடித்துக்கொண்டு, டிரிம்மைச் சிறிது சிறிதாகச் சுழற்றியபடி கையைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். கையை எடுத்த பிறகும் மூக்கு அசையாவிட்டால் டிரிம் சரி.

ஓடும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கிறது. ஜாய்ஸ்டிக் கோளாறா?

இல்லை. புரொப்பெல்லர் கிளப்பும் காற்று சுருளாகப் பின்னோக்கிச் சென்று வால் செட்டையின் இடப்பக்கம் மோதுகிறது. இன்ஜினின் முறுக்கும் சேர்ந்துகொள்கிறது. வலக்கால் ரட்டரால் சமாளிக்க வேண்டும். 'ஆட்டோ ரட்டர்' உதவியை அணைத்துவிட்டுப் பழகுங்கள். டைகர் மாத், சிப்மங்க் போன்ற பழைய பிரிட்டிஷ் விமானங்களில் இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றும், அவை வலப்பக்கம் இழுக்கும். தரமான ஆட்-ஆனா என்று சோதிக்க இது ஒரு சின்ன வழி.

'ஸ்டடி லெவல்' என்கிறார்களே, அது என்ன?

அதிகாரப்பூர்வமான வரையறை எதுவும் இல்லை. விளம்பரத்தில் யாரும் போட்டுக்கொள்ளலாம். நிஜ விமானத்தின் கையேட்டை வைத்துக்கொண்டு ஓட்டினால் கையேடு சொல்வது நடக்க வேண்டும் என்பதுதான் பொதுவான பொருள். பொத்தான் அழுந்துவது பெரிதல்ல, அதன் பின்னால் ஒரு அமைப்பு இயங்க வேண்டும். ஜெனரேட்டரை அணைத்தால் எந்தத் திரை இருள்கிறது? ஒரு ஹைட்ராலிக் போனால் எந்த ஸ்பாய்லர் (இறக்கை மேல் எழும் பலகை) எழாமல் கிடக்கிறது? சர்க்யூட் பிரேக்கரை இழுத்தால் ஏதாவது நடக்கிறதா, அல்லது அது வெறும் படமா? கேட்க வேண்டியவை இவை.

ஆழம் என்றால் ஜெட் என்று எண்ண வேண்டாம். ஏ2ஏ-யின் கோமான்சே 250 நான்கு பேர் அமரும் சிறு விமானம்தான். ஆனால் நேற்று இன்ஜினை வதைத்தது இன்று நினைவிருக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி சேரும், புறப்படும் முன் சுற்றிவந்து எண்ணெய் பார்க்க வேண்டும். பிளாக் ஸ்கொயர் நிறுவனத்தின் விமானங்களில் பிரேக்கர்கள் உண்மையாகவே மின்சுற்றோடு இணைந்திருக்கும். பெரிய ஜெட்டைவிட இவற்றில் கற்பது அதிகம் என்பது எங்கள் கட்சி.

வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் மாலை நேரத்தைப் பாருங்கள். ஏ320-ஐ இருட்டுக் காக்பிட்டிலிருந்து எழுப்ப, நிலைமத் திசைகாட்டிகள் (விமானத்தின் இடத்தையும் திசையையும் கணிப்பவை) சீராக மட்டும் சுமார் 10 நிமிடம் ஆகும். எரிபொருள், வழித்தடம், வேகக் கணக்கு எல்லாம் சேர்த்துப் புதியவருக்கு 40 நிமிடம். ஒரு மணி நேரப் பறப்பு, நிறுத்தி அணைப்பது என்று பார்த்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். தினம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்பவருக்கு 777 வாங்கிக் கொடுத்தால் அது நிறுத்துமிடத்திலேயே தூங்கும். அவருக்கு கோடியாக் 100, டிபிஎம் மாதிரி டர்போபிராப்தான் (ஜெட் வகை இன்ஜினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானம்) பொருத்தம்: ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம், குட்டி ஓடுதளத்திலும் இறங்கலாம், அதே சமயம் கவனமும் கேட்கும். இன்ஜின் சுழற்சி சுமார் 13 சதவீதம் எட்டும் முன்பே எரிபொருளைத் திறந்தால், காற்று போதாமல் உள்வெப்பம் எகிறும். நல்ல ஆட்-ஆனில் அதற்கு விலையும் உண்டு.

அடுத்து நினைவகம். ஆட்-ஆன் விமானத்தின் உயர்தர உருவப்படங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தை விழுங்கும். 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர் பெரிய ஜெட்டும் பெரிய விமானநிலைய ஆட்-ஆனும் சேர்த்துப் போட்டால் நிரம்பி வழியும். தயாரிப்பாளர் குறைந்த தர உருவப்படத் தொகுப்பும் தருகிறாரா என்று பாருங்கள்.

மூன்றாவது, எந்தப் பதிப்புக்காகக் கட்டப்பட்டது என்பது. 2020-க்குச் செய்த விமானம் 2024-இல் திறக்கலாம்; ஆனால் 'திறக்கும்' என்பது வேறு, 'அதற்காகவே செய்தது' என்பது வேறு. எக்ஸ்-பிளேன் 11 விமானத்தை 12-இல் போடுவதும் அப்படியே.

நான்காவது, எங்கே வாங்குவது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவருக்கு உள்கடை ஒன்றே வழி. கணினியில் ஓட்டுபவர் தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்கினால் திருத்தங்கள் பெரும்பாலும் முதலில் கைக்கு வரும்.

கடைசியாக, விமர்சனக் காணொளிகளைப் பார்க்கும்போது வெளியான நாளின் காணொளியை விட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து வந்ததையும், தயாரிப்பாளரின் மாற்றப் பட்டியலையும் பாருங்கள். கடைசித் திருத்தம் ஓராண்டுக்கு முன் வந்திருந்தால் கையை எடுத்துவிடலாம்.

இலவச விமானங்கள் தேறுமா?

தேறும், சில அசத்தும். மைக்ரோசாஃப்ட்டுக்கு ஃப்ளை-பை-வயர் குழுவின் ஏ32என்எக்ஸ், ஏ380எக்ஸ். எக்ஸ்-பிளேனுக்கு ஸிபோ 737-800. மூன்றும் காசில்லாமல் கிடைப்பவை, மூன்றும் பல கட்டண விமானங்களை வெட்கப்பட வைப்பவை. பெரிய ஜெட் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியாமல் பணம் போடாதீர்கள். இவற்றில் ஒன்றை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

ஏர்பஸ்ஸா, போயிங்கா?

விசிறிச் சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் மேசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏ320-இல் தானியங்கி த்ராட்டில் வேலை செய்யும்போது நெம்புகள் நகர்வதில்லை. ஏறும் நிலைக்கான பள்ளத்தில் வைத்தால் இறங்கும்வரை அங்கேயே கிடக்கும். உங்கள் மேசையிலுள்ள நெம்பும் நகராதது, ஆகவே பொருத்தம் சரி. குச்சியை விட்டால் நடுவுக்கு வருவதும், சாதாரணப் பறப்பில் டிரிம் தேவைப்படாததும் ஏர்பஸ்ஸின் இயல்பே.

737-இல் தானியங்கி த்ராட்டில் நெம்புகளை உண்மையாகவே நகர்த்தும். திரையில் அவை 60 சதவீதத்தில் இருக்க, உங்கள் மேசை நெம்பு சும்மா ஏதோ ஓரிடத்தில் இருக்கும். இறங்கும் முன் தானியங்கியை விடுவித்த நொடியில் இன்ஜின்கள் மேசை நெம்பின் இடத்துக்குத் தாவும். விடுவிக்கும் முன் திரையில் இருக்கும் நிலைக்கு உங்கள் நெம்பைக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஏர்பஸ்ஸிலும் ஒரு பொறி உண்டு: டோகா (முழு சக்தி), ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டுச் சக்தி), கிளைம்ப் (ஏறும் நிலை), ஐடில் (குறைந்தபட்ச சக்தி) என்ற நான்கு பள்ளங்களையும் விமானத்தின் டேப்லெட் பக்கத்தில் அளவிட்டுப் பதிய வேண்டும். பதியாவிட்டால், புறப்பட்டபின் கிளைம்ப்புக்கு இழுக்கச் சொல்லித் திரையில் மின்னிக்கொண்டே இருக்கும். நீங்கள் இழுத்துவிட்டதாக நினைப்பீர்கள், விமானம் ஒப்புக்கொள்ளாது.

நிறுவிய விமானம் பட்டியலில் வரவில்லை.

மைக்ரோசாஃப்ட்டில் பத்துக்கு எட்டுத் தடவை காரணம் ஃபோல்டருக்குள் ஃபோல்டர். கம்யூனிட்டி ஃபோல்டருக்குள் (ஆட்-ஆன்களைப் போடும் இடம்) விமானத்தின் ஃபோல்டர். அதைத் திறந்ததும் மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்ற இரு கோப்புகள் நேராகக் கண்ணில் பட வேண்டும். அவற்றுக்குப் பதில் இன்னொரு ஃபோல்டர் தெரிந்தால், உள்ளிருப்பதை ஒரு படி மேலே கொண்டுவாருங்கள். 2020-க்கும் 2024-க்கும் தனித்தனிக் கம்யூனிட்டி ஃபோல்டர்கள் என்பதை மறக்க வேண்டாம். முகவரி நீண்டாலும் விண்டோஸ் திணறும்; சுருக்கமான பெயருள்ள ஓரிடத்தில் விரித்தெடுங்கள். மாற்றியபின் சிமுலேட்டரை மூடித் திறக்க வேண்டும்.

எக்ஸ்-பிளேனில் ஏர்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் எங்கே போட்டாலும் கண்டுபிடித்துக்கொள்ளும். விமானம் வந்தும் திரைகள் கறுப்பாக இருந்தால், முதன்மை ஃபோல்டரிலுள்ள லாக் கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். மேக் கணினியில் பாதுகாப்பு அமைப்பு பிளகின்களைத் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

புது விமானத்தில் ஃப்ரேம் விழுகிறது. கிராஃபிக்ஸைக் குறைத்தும் பயனில்லை.

குறைக்க வேண்டியதைக் குறைக்கவில்லை என்று பொருள். மைக்ரோசாஃப்ட்டின் டெவலப்பர் மோடில் ஃப்ரேம் கணக்குப் பெட்டியைத் திறந்தால், தடை 'மெயின் த்ரெட்' என்று காட்டுகிறதா, 'ஜிபியு' என்று காட்டுகிறதா என்று தெரியும். மெயின் த்ரெட் என்றால் பாரம் பிராசஸரில். ரெசல்யூஷனைக் குறைத்து ஒன்றும் ஆகாது. நிலத்தின் விவர அளவு, சுற்றியுள்ள போக்குவரத்து, காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகம் இந்த மூன்றையும் குறையுங்கள். ஜிபியு என்றால் ரெசல்யூஷன், மேகம், நிழல். முதலில் நன்றாக ஓடி, இறங்கும் நேரத்தில் மட்டும் படம் படமாக நகர்ந்தால் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது. டெக்ஸ்ச்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். ஃப்ரேமை 30-இல் கட்டிப்போட்டால், 25-க்கும் 50-க்கும் ஊசலாடுவதைவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

வழித்தடம் போட்டால் 'டேட்டாபேஸில் இல்லை' என்கிறது.

வான்வழித் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும், ஆண்டுக்குப் பெரும்பாலும் 13 சுழற்சிகள். திட்டம் ஒரு சுழற்சியிலும் விமானம் வேறொன்றிலும் இருந்தால் சில புள்ளிகள் காணாமல் போகும். சிம்பிரீஃப்பை (பறப்புத் திட்டம் போட்டுத் தரும் இணையதளம்) இலவசமாகப் பயன்படுத்துபவருக்குப் பழைய சுழற்சிதான் கிடைக்கும். பாதகமில்லை: விடுபட்ட புள்ளியைத் தாண்டி அடுத்ததை இட்டு, நடுவில் தோன்றும் 'டிஸ்கன்டின்யூட்டி' (வழித்தடம் அறுந்த இடம்) வரியை நீக்கினால் போதும். நெட்டில் மற்றவர்களோடு பறப்பவர்களுக்கு மட்டுமே நாவிகிராஃப் (புதிய வான்வழித் தரவு தரும் நிறுவனம்) சந்தா அவசியத்துக்கு நெருங்குகிறது.

எப்போது இறங்கத் தொடங்குவது? எப்போதும் உயரத்திலேயே மாட்டிக்கொள்கிறேன்.

இழக்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எழுதி மூன்றால் பெருக்குங்கள். 36,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு: 33 பெருக்கல் 3, அதாவது 99 கடல்மைல். வேகம் குறைக்க இன்னும் 10 சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் வேகம், தரைவேகத்தின் ஐந்து மடங்கு: 450 நாட்டில் நிமிடத்துக்கு 2,250 அடி, கடைசியில் 140 நாட்டில் 700 அடி. பின்காற்று பலமாக இருந்தால் இன்னும் முன்னதாக. ஜெட் ஒரே நேரத்தில் இறங்கவும் மாட்டேன், வேகம் குறையவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஸ்பீட் பிரேக்கை (வேகம் குறைக்க இறக்கை மேல் எழும் பலகைகள்) வைத்துக்கொண்டு வெட்கப்பட வேண்டாம், அது அதற்குத்தான் இருக்கிறது.

ஆட்டோபைலட் தானாகவே விட்டுவிடுகிறது.

ஜாய்ஸ்டிக் நடுங்குகிறது. நீங்கள் கைப்பிடியை அசைத்ததாக விமானம் நினைக்கிறது. டெட் ஸோனை ஒரு சதவீதம் கூட்டிப் பாருங்கள்.

நிஜ மனிதர்கள் கட்டுப்படுத்தும் வானில் பறக்கலாமா?

வாட்சிம், இவாவோ (ஆர்வலர்களே விமானிகளாகவும் கட்டுப்பாட்டாளர்களாகவும் சேரும் இணைய வலையமைப்புகள்) இரண்டும் இலவசம். வாட்சிமில் புதியவர் ஓர் அறிமுகப் பாடமும் தேர்வும் முடிக்க வேண்டும். முதல் நாள் கூட்டமில்லாத விமானநிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் எழுத்தில் பதில் சொல்லலாம். கட்டுப்பாட்டாளர் இல்லாத இடத்தில் பொதுவாக 122.8 அலைவரிசையில் உங்கள் நகர்வை அறிவிப்பார்கள். ஒன்று மட்டும்: உங்கள் விமானத்தை ஒரு குறிப்பிட்ட திசைக்கும் உயரத்துக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் திருப்பத் தெரிந்த பிறகு போங்கள். அங்கே நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்த முடியாது.

விஆர் நல்லதா, தலை அசைவைத் தொடரும் கருவி நல்லதா?

சிறு விமானத்தில் ஊர் பார்த்துப் பறக்க விஆர் (தலையில் மாட்டும் மெய்நிகர் திரை) அற்புதம்; இறங்கும்போது ஆழம் கண்ணுக்குத் தெரியும். ஜெட்டில் சின்ன எழுத்தைப் படிக்கவும் மேசையில் பொத்தானைத் தடவித் தேடவும் சலிப்பாகும். ஜெட்டுக்குத் தலை அசைவைத் தொடரும் டிராக்ஐஆர், அல்லது வெப்கேமிலேயே இயங்கும் இலவச ஓபன்டிராக்.

இந்த மணிநேரங்கள் உரிமத்துக்குக் கணக்காகுமா?

ஆகாது. ஒழுங்குமுறை அமைப்பு ஏற்ற கருவியில் செலுத்திய நேரமே சேரும். கருவிகளைப் படிக்கும் பழக்கமும் வரிசைமுறையும் வீட்டிலேயே படியும். கூடவே, வெளியே பார்க்காமல் திரையையே வெறிக்கும் கெட்ட பழக்கமும் தொற்றும்.

புதிய பதிப்பு வந்ததும் எல்லாம் குலைந்துபோனது. என்ன செய்ய?

முதலில் கம்யூனிட்டி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, அதே பெயரில் காலியான ஒன்றை வையுங்கள். சிமுலேட்டர் ஒழுங்காகத் திறந்தால் குற்றவாளி ஆட்-ஆன்களுக்குள் இருக்கிறது. பாதியைத் திருப்பிப் போடுங்கள், திறந்து பாருங்கள். கெட்டால் அந்தப் பாதியில் பாதி. அறுபது ஆட்-ஆன்கள் இருந்தாலும் ஆறு தடவையில் பிடிபடும். கிடைத்ததும் தயாரிப்பாளரின் புதிய பதிப்பு வரும்வரை அதை வெளியே வைத்துவிட்டு, செஸ்னாவில் ஒரு சுற்று அடியுங்கள்.